தொட்டிப் புழுவும் நாங்களும்

எந்த வேலைக்கும் கொஞ்சம் மரியாதை உண்டு, புழு வளர்க்கிற வேலையைத் தவிர. விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்து, கல்யாணமாகி, வாணியம்பாடியிலிருந்து பெங்களூருக்கு வந்து சேர்ந்தவள் நான். பெயர் சுமதி. குடியிருப்பது பொம்மனஹள்ளியில். தினமும் மெட்ரோவில் ஊரின் தெற்கிலிருந்து வடக்குக்குப் போய், அங்கே ஒரு ஆய்வு நிறுவனத்தில் தட்டைப்புழுக்களைப் பார்த்துக்கொள்கிறேன். குளத்திலும் ஓடையிலும் கல்லுக்கடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் சின்னப் பிராணி. நகத்தை விட நீளம் இருக்காது. அவற்றுக்குத் தண்ணீர் மாற்றுவது, சாப்பாடு போடுவது, யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. வாயில்லாப் பிராணிகளோடு காலம் தள்ளுகிறவர்களும் வாயுள்ள உறவினர்களோடு காலம் தள்ளுகிறவர்களும் என் கஷ்டத்தைப் புரிந்துகொள்வார்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு திருத்தம்: எங்கள் பிராணிக்கு வாய் உண்டு. வயிற்றுக்கு நடுவில் இருக்கிறது.

பட்டுக்கா, உரத்துக்கா?

கர்நாடகத்தில் புழு வளர்க்கிறேன் என்றால் எல்லோரும் பட்டுப்புழு என்றுதான் நினைப்பார்கள். என் கணவரின் பெரியத்தையும் அப்படித்தான் நினைத்தார். ஊரில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்ப பொடவ சல்லிசா கெடைக்குமேடி" என்று ஆரம்பித்தார். பட்டுப்புழு இல்லை என்றேன். அப்படியானால் மண்புழுவா, உரம் போடுவதா என்றார். அதுவும் இல்லை, மண்புழு உருண்டை, இது இலை மாதிரி தட்டை என்றேன். ஏன் தட்டை என்று கேட்டார். நல்ல கேள்வி. இதற்கு ரத்தம் கிடையாது, இதயம் கிடையாது, நுரையீரலும் கிடையாது, தோல் வழியாகத்தான் மூச்சு. உடம்பு பருத்தால் உள்ளே இருக்கிற சதைக்குக் காற்று போய்ச் சேராது, அதனால்தான் தட்டையாகவே இருந்துவிட்டது என்று ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் விளக்கினேன்.

அத்தை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். இதனால் என்ன பிரயோஜனம் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. கடைசி அஸ்திரமாக, இதை இரண்டாக வெட்டினால் இரண்டுமே முழுப் புழுவாக வளரும், தலை போனால் தலை முளைக்கும், அது எப்படி என்றுதான் ஆராய்ச்சி செய்கிறோம் என்றேன். அவர் இலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "வெட்டுனா வளர்றதுக்கு நம்மூரு சீமக்கருவேலம் போதாதாடி? அதுக்கு பெங்களூருக்கா போவணும்?"

பாய் கடை ஈரல்

தட்டைப்புழுவுக்கு ஈரல் என்றால் உயிர். ஆட்டு ஈரலை வாங்கி வந்து, நரம்பையும் சவ்வையும் எடுத்து, அரைத்து, சலித்து, சின்னச் சின்ன வில்லைகளாக உறைய வைப்போம். ஒரு வில்லையை டப்பாவில் போட்டால் எல்லாப் புழுவும் மோப்பம் பிடித்து வந்து, வயிற்றிலிருந்து ஒரு குழாயை வெளியே நீட்டி உறிஞ்சும். உறிஞ்சிய பிறகு மிச்சம் மீதியை வெளியே தள்ளுவதும் அதே வாய் வழியாகத்தான். பின்வாசல் கிடையாது. அதனால் சாப்பாடு போட்ட மறுநாள் தண்ணீர் மாற்றாவிட்டால் டப்பா பக்கம் போக முடியாது.

ஈரலில் மருந்துச் சத்து இருந்தால் புழு சுருண்டுவிடும். எனவே எங்கள் நிறுவனத்துக்குப் பின்னால் கறிக்கடை வைத்திருக்கும் நூர் பாயிடம் நான் கேட்காத கேள்வி இல்லை. ஆட்டுக்கு ஊசி போட்டார்களா, எந்த ஊர் ஆடு, காலையில் அறுத்ததா என்று வரிசையாகக் கேட்பேன். பாவம், எங்கள் வீட்டில் ரொம்ப நாசூக்கான ஒரு நோயாளி இருப்பதாக நினைத்து, தொழுகையில் துஆ கூடச் செய்திருக்கிறார். புழுவுக்குத்தான் என்று ஒருநாள் உண்மையைச் சொன்னேன். அன்று அவர் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில், வரிசையில் நின்றவர்களும் காரணம் தெரியாமல் சிரித்தார்கள்.

அதன் பிறகு ஒருநாள் காலையில் போன் செய்து உடனே வரச் சொன்னார். போனால், ஒரு ஈரலைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். பித்தக் குழாயைக் கீறிக் காட்டினார். உள்ளே இலை வடிவத்தில் பழுப்பாக இரண்டு. ஈரல் புழு. ஆட்டுக்கு நோய் கொடுக்கிற வகை. எங்கள் தட்டைப்புழுவுக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை வேண்டும். நாடாப்புழுவும் அந்தக் குடும்பம்தான். எங்கள் ஆள் மட்டும்தான் யாருக்கும் கெடுதல் செய்யாமல் குளத்தோடு இருந்துவிட்டவர். அந்த ஈரலை பாய் விற்கவில்லை, தூக்கி எறிவதற்கு முன்னால் எனக்குக் காட்ட வேண்டும் என்று வைத்திருந்தார். "பாருங்கோ மேடம், உங்க சொந்தக்காரங்க உங்களுக்கு முன்னாடியே வந்து எறங்கிட்டாங்கோ!"

தொட்டி வீட்டார்

எங்களிடம் இரண்டு வகைப் புழு இருந்தது. ஒன்று, உலகத்தில் எல்லா ஆய்வகங்களிலும் இருக்கிற சாதாரண வகை. இன்னொன்று ரம்யாவுடையது. ரம்யா எங்கள் ஆராய்ச்சி மாணவி. மல்லேஸ்வரத்தில் பல காலமாக இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பாள், நடுவில் இங்கிலீஷில் மூச்சு விடுவாள். அவர்களுடைய பழைய வீட்டுக் கொல்லையில் ஒரு சிமென்ட் தொட்டி இருந்தது. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டக் கொடுத்தபோது, தொட்டியைக் காலி செய்த அன்று, அடியில் கிடந்த கல்லைப் புரட்டினாளாம். ஒரே ஒரு தட்டைப்புழு ஒட்டியிருந்தது. டிபன் பாக்ஸில் போட்டு எடுத்து வந்தாள்.

அந்த ஒன்றுதான் பெருகியது. இந்தப் புழு பெருகுவதற்குத் துணை தேவையில்லை. வாலால் தரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, தலைப்பக்கம் முன்னே இழுத்து இழுத்து, நடுவில் அறுந்துபோகும். தலை இருந்த துண்டில் வால் முளைக்கும், வால் துண்டில் தலை முளைக்கும். இப்படியே எங்கள் அலமாரியில் ஒரு தட்டு நிறைய டப்பாக்கள். அத்தனையும் ஒரே புழு என்றும் சொல்லலாம், ஒரு ஊரே என்றும் சொல்லலாம். இவற்றில் ஒரு விசேஷம்: வால் துண்டில் தலை முளைக்க மற்ற வகையை விட ரொம்ப நாள் ஆகும். சில வால்கள் தலையே வேண்டாம் என்று அப்படியே இருந்துவிடும். அது ஏன் என்பதுதான் ரம்யாவின் ஆராய்ச்சி. அவளுடைய டாக்டர் பட்டம் மொத்தமும் அந்தத் தட்டில் இருந்தது.

தலை என்று சொல்கிறேனே, அதைப் பூதக்கண்ணாடியில் ஒருமுறை பார்க்க வேண்டும். அம்பு நுனி மாதிரி ஒரு முகம். அதில் இரண்டு கண். இரண்டும் மூக்கைப் பார்க்கிற மாதிரி ஒன்றரைக் கண். அந்த முகத்தைப் பார்த்தபின் கத்தி வைக்க யாருக்கும் மனசு வராது. ரம்யா பனிக்கட்டித் தட்டில் புழுவைக் கிடத்தி, ஒவ்வொரு முறையும் "ஸாரி கண்ணா" என்று சொல்லிவிட்டுத்தான் பிளேடை வைப்பாள். எங்கள் ப்ரொஃபசர் ஒருநாள் பின்னால் நின்று இதைக் கேட்டுவிட்டார். கன்னடக்காரர், எங்களோடு பேசிப் பேசித் தமிழ் வந்துவிட்டது. "ரம்யா, ஆராய்ச்சி முறைன்னு எழுதற எடத்துல அந்த ஸாரியை மட்டும் விட்டுடும்மா."

பாகப் பிரிவினை

வருஷத்துக்கு ஒருநாள் எங்கள் நிறுவனத்தின் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். அன்று நான் புழு மேஜையில் நிற்பேன். மக்கள் பட்டாம்பூச்சி மேஜைக்குப் போகிற வழியில் என்னிடம் தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள். ஒருமுறை வைட்ஃபீல்டிலிருந்து ஒரு மென்பொருள்காரர், கழுத்தில் கம்பெனி அட்டையோடு வந்தார். ஒரு புழு அறுந்துகொண்டிருக்கிற நேரம். வால் பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறது, தலை இழுக்கிறது. முழுவதும் நின்று பார்த்துவிட்டு, எங்கள் ஆபீசிலும் இப்போது இதுதான் நடக்கிறது என்று பெருமூச்சு விட்டுப் போனார்.

அவருக்குப் பின்னால் நின்றவர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஓசூர்க்காரர். அவருக்குப் புழுவைப் பற்றிக் கவலை இல்லை. சட்டம்தான் கவலை. தலை இருக்கிற பாதி அம்மாவா, வால் இருக்கிற பாதி பிள்ளையா என்று கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது, இரண்டும் அதே புழுதான் என்றேன். சில பரிசோதனைகளில், தலையை வெட்டுவதற்கு முன்னால் பழகிய விஷயம் கொஞ்சம், புதுத்தலை முளைத்த வாலுக்கும் நினைவிருந்ததாகச் சொல்கிறார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டு, "இங்க பாரு, ரெண்டுமே ஒரிஜினலாம், ரெண்டுக்கும் எல்லாம் ஞாபகம் இருக்காம். இதுங்க மட்டும் கோர்ட்டுக்கு வந்தா எந்த ஜட்ஜாலயும் முடியாது!" என்றார்.

பட்டினி

பரிசோதனைக்கு முன்னால் புழுக்களைச் சில நாள் பட்டினி போடுவோம். வயிறு காலியாக இருந்தால்தான் காயம் சுத்தமாக ஆறும். இதில் ஒரு அதிசயம் உண்டு. மாதக்கணக்கில் சாப்பாடு போடாவிட்டாலும் தட்டைப்புழு சாகாது. சுருங்கும். தன்னையே கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, கண், மூளை, வாய், வால் எல்லாம் அதனதன் அளவில் குறைந்து, அதே புழு சின்னதாக ஆகிவிடும். மறுபடி ஈரல் கிடைத்தால் பழையபடி வளரும்.

எங்கள் ஆய்வக உதவியாளர் மஞ்சுநாத்திடம் இதைச் சொன்னேன். மாண்டியாக்காரர். பக்திமான். டப்பாக்களைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி தூக்குவார். தும்மல் வந்தால் கூட அறைக்கு வெளியே போய்த் தும்மிவிட்டு வருவார். நான் சொன்னதை நம்பாமல் இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் தொப்பையைச் சோகமாகத் தட்டிக்கொண்டார். "நானும் எல்லா ஏகாதசிக்கும் பட்டினிதான் மேடம், இந்த ஹொட்டே மட்டும் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது."

காபிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில்

யுகாதி விடுமுறை தொடர்ந்தாற்போல வந்த சமயம். புழுக்கள் எப்போது அறுந்துபோகின்றன என்று தினமும் பார்க்க வேண்டியிருந்ததால், ரம்யா ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சத்தை வீட்டுக்கு எடுத்துப் போனாள். பழைய வீடு இருந்த இடத்திலேயே எழும்பிய அடுக்குமாடியில் அவர்களுக்கு ஒரு வீடு. அவளும் அம்மாவும் மட்டும்தான். அம்மா மாநில அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்புகளையும் மனிதர்களையும் வரிசையாக உட்கார வைத்துப் பழக்கம். நான் மாமி என்று கூப்பிடுவேன். புழுவுக்கு இருட்டும் குளிர்ச்சியும் பிடிக்கும் என்பதால் ரம்யா அந்த பாட்டிலை வைத்த இடம், சமையலறை அலமாரியின் அடித்தட்டு, காபிப் பொடி டப்பாவுக்குப் பக்கத்தில்.

மறுநாள் விடிந்ததும் மாமி காபிப் பொடி எடுக்கக் கையை விட்டிருக்கிறார். அதன் பிறகு நடந்ததை ரம்யா எனக்குப் போனில் அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். அவள் எழுந்து வந்தபோது பாட்டில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. புழு எங்கே என்று கேட்டால் அம்மா காபியை ஆற்றத் தொடங்கிவிட்டாராம். கழுவுதொட்டியில் போயிருக்கும் என்று அவளே முடிவு செய்துகொண்டாள். போனது கொஞ்சம்தான், ஆய்வகத்தில் தட்டு நிறைய இருக்கிறதே என்று நான் சமாதானம் சொன்னேன். பின்னாலிருந்து மாமியின் குரல் கணீரென்று கேட்டது: "மாம்சம் திங்கற ஜந்து நம்ம அடுப்பங்கரையில பேடா, வேண்டவே வேண்டாம். எங்க போச்சு, என்ன ஆச்சுன்னு என்னைக் கேக்காதே. காபி ஆறிண்டிருக்கு, வந்து குடி."

ஆயுத பூஜை

எங்கள் நிறுவனத்தில் மற்ற நாளெல்லாம் விஞ்ஞானம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மட்டும் எல்லோரும் மஞ்சுநாத் சொன்னபடி கேட்போம். நுண்ணோக்கிக்குச் சந்தனம், சுழற்று இயந்திரத்துக்குச் செவ்வந்தி மாலை, குளிர்பெட்டிக்குக் குங்குமம். வாசலில் பூசணிக்காய் உடைப்பு. இதிலெல்லாம் தனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லும் ப்ரொஃபசர்தான் பொரியும் கடலையும் அதிகமாகச் சாப்பிடுவார். அந்த வருஷம் மஞ்சுநாத்துக்கு ஒரு யோசனை வந்தது. இயந்திரங்களை எல்லாம் துடைக்கிறோம், நமக்குச் சோறு போடுவது புழுதானே, அதன் டப்பாக்களும் பூஜையன்று பளபளவென்று இருக்க வேண்டாமா?

நியாயமான யோசனை. ஒரே சிக்கல், புழு டப்பாவில் சோப்பு படக் கூடாது. துளி மிச்சமிருந்தாலும் புழுவின் தோல் தாங்காது, அதற்குத் தோல்தான் மூக்கும் நுரையீரலும். வெந்நீரும் துணியும் மட்டும்தான் என்று கதவிலேயே கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். இது மஞ்சுநாத்துக்கு மனப்பாடம். அப்போது ப்ரொஃபசர் கைகொடுத்தார். வைட்ஃபீல்டில் அவருடைய குடியிருப்பில் இயற்கை வாழ்க்கைக் குழு ஒன்று இருக்கிறது. அந்தக் குழுவில் எல்லோரும் பூந்திக்கொட்டையை ஊற வைத்து, காய்ச்சி, வீடு துடைக்கிற தண்ணீர் தயாரிக்கிறார்கள். ஒரு கேன் கொண்டு வந்திருந்தார். துளி கெமிக்கல் இல்லை, கையில் பட்டாலும் ஒன்றும் ஆகாது, இதால் கழுவினால் அலசக்கூட வேண்டாம் என்றார். நான் முகர்ந்து பார்த்தேன். நல்ல வாசனைதான். ரம்யா ஒரு சொட்டை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் படித்தவர்கள். நான்கு பேரும் உட்கார்ந்து புழுக்களைத் தட்டுக்கு மாற்றி, டப்பாக்களைக் கழுவித் துடைத்து, மறுபடி புழுக்களை விட்டு, மூடிமேல் குங்குமப் பொட்டு வைத்தோம். அலமாரி கோவில் மாதிரி இருந்தது. போட்டோ எடுத்துக்கொண்டு, பொரி பொட்டலத்தோடு விடுமுறைக்குக் கிளம்பினோம்.

விஜயதசமி கழிந்து வந்து கதவைத் திறந்ததும் வாடை அடித்தது. டப்பாக்களில் புழு இல்லை, பழுப்புக் குழம்பு இருந்தது. முதலில் தலை கரைந்து, பிறகு உடம்பும் கரைந்து போயிருந்தது; சாதாரண வகை, ரம்யாவின் வகை இரண்டுக்கும் ஒரே கதிதான். மஞ்சுநாத் சுவரோடு சாய்ந்து நின்று, சோப்பைத் தொடவே இல்லை என்று சாமி மேல் ஆணையிட்டுக்கொண்டிருந்தார். ப்ரொஃபசர் கேனைக் கையில் எடுத்து, குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சோப்பு மாதிரியேதான் நுரைத்தது. "அன்னைக்கும் நுரை வந்ததைப் பாத்தேன் சுமதி. பாத்துட்டு, எவ்ளோ நல்லா நுரைக்குதுன்னு சந்தோஷம் வேற பட்டேன்."

ஒரு துண்டு போதும்

இந்தப் பிராணியில் ஒரு துண்டு பிழைத்தால் போதும், ஊரையே மறுபடி உண்டாக்கிவிடலாம். அதனால் நாங்கள் குழம்பையெல்லாம் வடிகட்டி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துத் தேடினோம். அசைகிற துண்டு ஏதாவது இருந்தால் நல்ல தண்ணீரில் விட்டோம். அதுவும் சாயங்காலத்துக்குள் கரைந்தது. சாதாரண வகைக்குப் பிரச்சினை இல்லை, வெளியூர் ஆய்வகத்திலிருந்து குடுவையில் அனுப்பி வைத்துவிட்டார்கள். ரம்யாவின் வகையை வெளியூருக்கு அனுப்பி ஒரு பங்கு அங்கேயும் வைக்க வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டேதான் இருந்தோம். தீபாவளி முடியட்டும் என்றிருந்தோம்.

ப்ரொஃபசர் அவளைக் கூப்பிட்டு, வேறு புழுவை வைத்துப் புதிதாக ஆரம்பிக்கலாம், காலம் நீட்டித்துத் தருகிறேன் என்றார். அதாவது, இத்தனை வருஷம் செய்தது பாதியில் நிற்கும். கடைசிப் பரிசோதனையைச் செய்து காட்ட அவளிடம் புழு இல்லை. அவள் சரி என்று தலையை ஆட்டினாள். அழவில்லை. அது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தொட்டி இருந்த பக்கம் ஈரமாக எங்கேயாவது தேடிப் பார்க்கலாமா, கூட நானும் வருகிறேன் என்றேன். "எங்கக்கா தேடறது? தொட்டி இருந்த எடத்துல இப்போ லிஃப்ட் ஓடறது."

மணி பிளான்ட்

அதற்கப்புறம் ரம்யா வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. ஒருநாள் வேலை முடிந்து மல்லேஸ்வரத்தில் இறங்கி அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமி கதவைத் திறந்தார். "வாம்மா. ரூம்ல படுத்துண்டிருக்கா. கேட்டா தலைவலிங்கறா. பட்டம் கெடைக்காதாமே? யாரோடயாவது சண்டையா?" என்று மெதுவாகக் கேட்டார். அவளாகச் சொல்லவில்லை போலிருக்கிறது. நான்தான் சொன்னேன். பூந்திக்கொட்டை, டப்பா, குழம்பு, எல்லாவற்றையும். "எல்லாமேவா போயிடுத்து?" என்றார். எல்லாமே மாமி, ஒரு துண்டு கூட இல்லை என்றேன். மாமி காபி டம்ளரை என் முன்னால் வைத்தார். பிறகு பால்கனிக்குப் போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு பச்சைக் கண்ணாடி பாட்டில். பழரசம் வந்த பாட்டில், அதில் மணி பிளான்ட் விட்டிருந்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்தார். "லைட்டைப் போடாதே. வெளிச்சம் பட்டா அதுகள் வேருக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும்" என்றார். நான் குனிந்து பார்த்தேன். வேர்களுக்கு நடுவில், கண்ணாடி மேல், சீரகம் சீரகமாக ஏதோ நகர்ந்தது. ரம்யா என்று கத்தினேன். அவள் கலைந்த தலையோடு வந்தாள். இங்க் ஃபில்லரால் ஒன்றை எடுத்து வெள்ளைச் சாஸரில் விட்டு, லென்ஸை வைத்துப் பார்த்தாள். அம்பு நுனி முகம். ஒன்றரைக் கண். அப்போதுதான் அழுதாள்.

மாமி பேசிக்கொண்டே போனார். குழாயில் வரும் காவேரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து, மறுநாள்தான் பாட்டிலில் ஊற்றுவாராம். செடிக்கு மருந்து வாடை ஆகாதாம். புழுவுக்கும் அந்தக் குளோரின்தான் ஆகாது. சாப்பாடு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "நம்மாத்துல ஈரல் வராது. இஷ்டம்னா இருங்கோ, இல்லேன்னா கெளம்புங்கோன்னு சொன்னேன். இருந்துதுகள்" என்றார். கொசுப்புழு இருக்கிறதா என்று மாநகராட்சி ஆள் மழைக்காலம் முழுக்க வந்து பார்த்தானாம். மாடியில் எல்லார் வீட்டு மணி பிளான்ட்டிலும் நெளிந்ததாம், மாமியின் பாட்டிலில் மட்டும் ஒன்றுகூட இல்லையாம். அவருக்கு அதில் ரொம்பப் பெருமை. இவை எதைத் தின்று வளர்ந்தன என்பது புரிந்து நானும் ரம்யாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், சொல்லவில்லை. சைவ வீட்டில் நிம்மதியாக இருக்கிறவர்களைக் காட்டிக்கொடுப்பானேன்.

"சிங்க்ல கொட்டலாம்னுதான் எடுத்துண்டு போனேன்" என்றார் மாமி ரம்யாவிடம். "நம்ம தொட்டியிலேர்ந்து வந்ததுன்னு நீ ஒரு நாள் சொன்னியோல்லியோ, அது ஞாபகம் வந்துடுத்து. இடிச்ச அந்தப் பழைய ஆத்துலேர்ந்து உசுரோட மிச்சம் இருக்கறது நாம ரெண்டு பேரும் அதுவும்தான். எப்படிடி கொட்டறது?" பிறகு பாதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், பாட்டிலும் மீதியும் பால்கனிக்குத் திரும்பிவிட வேண்டும் என்று கண்காணிப்பாளர் குரலில் நிபந்தனை போட்டார். ரம்யா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆறு மாசமாக இதை வைத்துக்கொண்டு ஏம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டாள். மாமி செடியின் இலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சொன்னா எடுத்துண்டு போய் வெட்டுவே."

இப்போது எங்கள் டப்பாக்கள் மறுபடி நிறைந்து, ரம்யா கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள். எத்தனை துண்டு போட்டாலும் சாகாத ஒரு பிராணியை, அதை நேசித்த நான்கு படித்தவர்கள் கழுவியே கொன்றுவிட, அருவருத்த ஒருவர் ஒளித்து வைத்துப் பிழைக்க வைத்தார் என்பதை எந்த அத்தியாயத்தில் எழுதுவது என்பதுதான் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.